வகுப்புக்கு வெளியே நின்றவள்

நாற்காலியக்கா என்று அவளுக்குப் பெயர் வந்ததற்கு ஊரைக் குறை சொல்லிப் பயனில்லை. மாதத்தின் இரண்டாவது ஞாயிறு, நூலக மாடியில் இலவச வகுப்பு நடக்கும். மின்கட்டண ரசீதைப் படிப்பது, தீயை அணைப்பது, வங்கிப் படிவம் நிரப்புவது என்று ஏதாவது ஒன்று. தெரிந்தவர் சொல்லிக்கொடுப்பார், தெரியாதவர் வந்து உட்காருவார். ஆள் சேர்ப்பது முதல் கடைசியில் குப்பை கூட்டுவது வரை எல்லாம் அக்கா தலையில்தான். மற்ற நாளெல்லாம் ஜெராக்ஸ் கடை. யார் பேச வந்தாலும், எத்தனை பேர் கேட்க வந்தாலும், நாற்காலி பத்துமா என்பதுதான் அவள் கவலை. பதினொரு வருஷத்தில் ஒரு வகுப்பிலும் அவள் உட்கார்ந்ததில்லை. ஏற்பாடு செய்கிறவர்கள் உட்கார்ந்தால் வந்தவர்களுக்கு இடம் குறையும் என்று அவளே ஒரு சட்டம் போட்டு வைத்திருந்தாள்.

பக்கவாதம் பற்றிய வகுப்பை அவள் வீட்டுக்காரருக்காகத்தான் வைத்தாள். அவருடைய அண்ணன் அதில்தான் போனார். இவருக்கும் ரத்த அழுத்தம். மாத்திரையை நினைத்தால் போடுவார். அடுத்தது இவரோ என்று அக்காவுக்குப் பயம். ஆஸ்பத்திரி நர்ஸ் பின்னால் மூன்று மாதம் நடையாய் நடந்து தேதி வாங்கினாள். ஐம்பது பேரை எதிர்பார்த்த இடத்தில் எண்பது பேர் வந்து நின்றார்கள். அக்கா நாற்காலி இரவல் கேட்டுப் பக்கத்துப் பள்ளிக்கு ஓடினாள். வீட்டுக்காரரைக் கீழே வண்டிகளுக்குக் காவலாக நிறுத்தினாள். யாருக்காக வகுப்போ அந்த மனுஷன் சைக்கிளைப் பார்த்துக்கொண்டு நின்றார், என்னத்தைச் சொல்ல! மேலே நர்ஸ் சொன்னதில் ஒரு சொல்கூட இரண்டு பேர் காதிலும் விழவில்லை. வகுப்பு பிரமாதம் என்று எல்லோரும் சொன்னார்கள். அக்காவும் நிம்மதியாக வீடு போய்ச் சேர்ந்தாள்.

ஐந்து வாரம் கழித்து ஒரு சனிக்கிழமை. காலை எட்டு மணிக்கு அவர் டீ தம்ளரைக் கீழே விட்டார். ஏதோ சொல்ல வந்தார். வார்த்தை குழறியது, வாய் ஒரு பக்கமாகக் கோணியது. வகுப்பெடுக்க வருகிறவர்களைப் போல நடித்துக் காட்டுவது அவருக்குக் கைவந்த கலை. முன்பு ஒரு வகுப்புக்கு வந்த வக்கீல் வாயைக் கோணிக்கொண்டுதான் பேசுவார். அக்கா கைதட்டி, விழுந்து விழுந்து சிரித்தாள்.

"காலங்காத்தாலயே வக்கீலா? போதும், வேலை கிடக்கு."

அவர் நிறுத்தவில்லை. கொஞ்ச நேரத்தில் சோர்ந்து சாய்ந்தார். ராத்திரி சரியாகத் தூங்கவில்லை போலிருக்கிறது என்று படுக்கவைத்து, போர்த்திவிட்டு, அடுத்த வகுப்புக்கான கூட்டத்துக்குப் போனாள். மைக்கை யார் தூக்கி வருவது என்பதிலேயே அரை நாள் போயிற்று. அவள் திரும்பியபோது மணி இரண்டு. பேனரை வாங்கிப்போகக் கூடவே வந்த சலூன்காரர், அந்தப் பக்கவாத வகுப்பில் முன்வரிசையில் உட்கார்ந்து கேட்டவர். கட்டிலைப் பார்த்ததுமே அவர் முகம் மாறிவிட்டது.

"அண்ணே, ரெண்டு கையையும் தூக்குங்க."

இடது கை மட்டும் எழுந்தது.

"எப்பலேருந்துக்கா இப்படி?"

"எட்டு மணிலேருந்து."

"நாலரை மணி நேரத்துக்குள்ள ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகணும்னு நர்ஸம்மா அத்தனை தடவை சொன்னாங்களேக்கா."

குத்திக்காட்ட வேண்டும் என்று அவர் சொல்லவில்லை, பாவம். வாயில் வந்துவிட்டது.

உயிர் தங்கியது. பேச்சும் வலது கையும் போயின. ஊரையே நடித்துக் காட்டியவர் இப்போது தண்ணீர் கேட்கவே கண்ணால் ஜாடை காட்டுகிறார். அந்த முகத்தை நேருக்கு நேர் பார்க்க அக்காவுக்குக் கூசியது. செத்துவிடலாம் போலிருந்தது, செத்தால் அவருக்கு யார் சோறு ஊட்டுவது என்று இருந்தாள்.

ஆறு மாதம் கழித்து அதே நர்ஸ் அதே வகுப்பை எடுக்க வந்தார். அன்றைக்கு மட்டும் அக்கா உள்ளே வந்து உட்கார்ந்தாள். கோணுகிற வாய், தூக்க முடியாத கை, குழறுகிற பேச்சு என்று நர்ஸ் ஒவ்வொன்றாகச் சொல்லி, இதையெல்லாம் யாராவது நேரில் பார்த்திருக்கிறீர்களா என்று கேட்டார்.

அக்கா எழுந்தாள்.

"நான் பார்த்தேன். அவர் என்னைக் காப்பாத்துன்னுதான் கேட்டிருக்கார். நான் கைதட்டிச் சிரிச்சேன்."