பூட்டுக்காரர் வீட்டுக் கதவு

சுவரைப் பார்த்தபடி நிற்கிறார் பாங் தே-சிக். புதுப் பூட்டுக்கு வீட்டுக்காரர் ரகசிய எண்ணைத் தட்டி முடிக்கும்வரை திரும்ப மாட்டார். போதாக்குறைக்குக் கண்ணையும் மூடிக்கொள்வார். பூட்டு 'பீப்' என்றதும் உள்ளங்கையால் கதவை இரண்டு முறை அழுத்திப் பார்ப்பார். "அவ்வளவுதான். இனிமே நானும் வெளியாள்" என்று கருவிப்பையைத் தூக்குவார்.

தென்கொரியாவின் இஞ்சியோன் நகரில் எங்கள் அடுக்ககத்தை ஒட்டிய கடைகளில் ஒன்று அவருடைய பூட்டுக் கடை, அதற்குப் பின்னால் வீடு. அவர் உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை. நூடுல்ஸைக்கூட நின்றுகொண்டேதான் உறிஞ்சுவார். லிஃப்ட் வரும்வரை பொறுக்காமல் படியேறிவிடுவார்.

பள்ளியில் ஒருமுறை அவருக்குக் கணக்கில் மதிப்பெண் குறைந்தது. அவருடைய அப்பா அடிக்கவில்லை. திருப்புளியை எடுத்து மகனின் அறைக்கதவைக் கழற்றி, முற்றத்தில் சோயா ஊறும் மண்ஜாடிகள்மேல் சாய்த்துவிட்டார். "படிக்கிறவனுக்கு எதுக்குடா கதவு?" மழைக்காலம் முழுக்க நனைந்து உப்பிய அந்தக் கதவு பிறகு எந்த நிலைக்கும் பொருந்தவில்லை. அத்தைகளும் அண்டை வீட்டாரும் எட்டிப் பார்த்துக்கொண்டு போக, கதவில்லாத அந்த அறையிலேயே உடை மாற்றி, அங்கேயே அழுது வளர்ந்தார்.

ஆகவே, மகள் சோ-தாம் பதினைந்து வயதில் தன் அறைக்குப் பூட்டுக் கேட்டபோது, கடையிலேயே நல்ல எண்பூட்டை அன்றைக்கே பொருத்தினார். முறைப்படி சுவரைப் பார்த்தும் நின்றார்.

தட்டாமல் நுழைவதில்லை என்பது அவர் கொள்கை. அதனால் தட்டிக்கொண்டே இருக்கிறார். பேரிக்காய் வெட்டிக்கொண்டு வந்து ஒரு தட்டு, தண்ணீருக்கு ஒன்று, ஜன்னலைச் சாத்தினாயா என்று ஒன்று. "அப்பா, கதவே இல்லேன்னாகூட இவ்ளோ தொல்லை இருக்காது!" என்று உள்ளிருந்து கத்துவாள். இவர் திருப்தியாகத் தலையாட்டுவார்: குரல் வந்துவிட்டதே.

போன ஞாயிறு மதியம் மாற்றுச்சாவிக்காக அவர் வீட்டுக்கே போயிருந்தேன். அன்று குரல் வரவில்லை. தேர்வு முடிவைப் பார்த்துவிட்டுக் காலையில் உள்ளே போனவள் சாப்பிடவும் வரவில்லையாம்.

"தூங்குறா போல, விடுங்க" என்றார் மனைவி மி-ஓக்.

இவர் விடவில்லை. என் சாவியை அராவியபடியே கூடத்துக்கும் அறைக்குமாக நடந்தார். பேரிக்காய்த் தட்டை அறை வாசலில் வைத்தார். தட்டினார். "சோ-தாம், ஒரே ஒரு வார்த்தை சொல்லு. திட்டு, பரவால்ல." மறுபடி தட்டினார்.

அடுத்து நான் நிமிர்ந்தபோது அவள் அறைக்கதவின் கைப்பிடித் தகட்டுத் திருகாணி ஒன்று அவர் உள்ளங்கையில் இருந்தது. திருப்புளியை எப்போது எடுத்தார் என்று அவருக்கே தெரியாது போலும். வேறு யாருடையதோ போலத் தன் கையைப் பார்த்தார்.

"என்னங்க பண்றீங்க?"

"இல்ல... கைப்பிடி கொஞ்சம் லூசா இருந்துச்சு."

"எங்க மாமனாருக்கும் இப்படித்தான் லூசா இருந்துச்சோ?"

திருகாணியை மறுபடி பொருத்தி முறுக்கத் தொடங்கினார். விரல்களிலிருந்து அது நழுவித் தரையில் 'டங்' என்று விழுந்தது. குனிந்து எடுத்து முறுக்கி முடித்தார்.

கதவு திறந்தது. வீங்கிய கண்களோடு சோ-தாம் திருப்புளியைப் பார்த்தாள், பிறகு அப்பாவைப் பார்த்தாள்.

"கழட்டுறீங்களா?"

"மாட்டுறேன்."

குனிந்து பேரிக்காய்த் தட்டை எடுத்துக்கொண்டு கதவைச் சாத்தினாள். பூட்டு 'பீப்' என்றது.

பாங் தே-சிக் உள்ளங்கையால் கதவை இரண்டு முறை அழுத்திப் பார்த்தார். கையை எடுக்கவில்லை.