இளையதம்பி எடுத்த மூச்சுக் கணக்கு

சங்கு குளிக்கிறவர்களுக்குத் தங்கள் மூச்சின் நீளம் தெரியும். இளையதம்பிக்கு அது நூற்றுப்பத்து. மனதுக்குள் ஒன்று, இரண்டு என்று எண்ணிக்கொண்டே அடிக்கடலுக்கு இறங்கினால், நூற்றுப்பத்தில்தான் தலை நீருக்கு மேலே வரும். இடது காதின் சவ்வு கிழிந்து சீழ் வைத்த பிறகு, இனிக் குளிக்கப் போகவேண்டாம் என்று மனைவி குணலட்சுமி பிடிவாதமாக நின்றுவிட்டாள். 1970இல், முப்பத்து மூன்று வயதில், அவர் கரைவேலைக்கு வந்தார்.

வேலை, யாழ்ப்பாணக் குடாநாட்டில் நெல்லியடிக்குக் கிழக்கே மணற்கும்பிகளை அண்டியிருந்த ஓர் அரைவை ஆலையில். வெளிநாட்டுச் சாமான்கள் வருவது நின்றுபோயிருந்த காலம் அது. பாத்திரம் தேய்க்கும் தூள் செய்வதற்கு உள்ளூர் வெண்மணல் தேவைப்பட்டது. காயவைத்த மணலை உருளைக்குள் போட்டு அரைத்தால் கோதுமை மாவைவிட நைசான வெள்ளைத் தூள் வரும். முற்றத்தில் மணல் காயவைக்கவும் சாக்குத் தைக்கவும் பதினைந்து பேர். அரைவை அறைக்குள் எட்டுப் பேர், அவர்களில் ஒருவர் இளையதம்பி. சவளால் மணலை அள்ளிப் போடுவார், மறுபக்கம் வரும் தூளைச் சாக்கில் பிடிப்பார். மூக்கையும் வாயையும் சுற்றி ஒரு லேஞ்சி கட்டியிருப்பார். பின்னேரம் வீட்டுக்குப் போகையில் இமைமயிர்கூட வெளுத்திருக்கும்.

வருடத்துக்கு ஒருமுறை எக்ஸ்றே வண்டி வரும். சயரோகம் பார்க்கிறார்கள் என்று சொன்னார்கள். எல்லாரும் சட்டையைக் கழற்றிவிட்டு, குளிர்ந்த தகட்டில் நெஞ்சை வைத்து நிற்பார்கள். முடிவு ஆலைக் கந்தோருக்கு, மனேச்சரின் மேசைக்கு வரும். மனேச்சர் அருளம்பலம் கதவடியில் வந்து நின்று, "எல்லாருக்கும் நல்லம். போய் வேலையைப் பாருங்கோ" என்பார். நான்கு வருடமும் இதே பேச்சுத்தான்.

1974 சித்திரையில், குணலட்சுமியின் தம்பியுடைய வள்ளத்து நங்கூரம் கடலடிப் பாறையில் சிக்கிக்கொண்டது. ஆறு பாகம், முப்பத்தாறு அடி ஆழம். இளையதம்பிக்கு அது ஒரு வேலையே அல்ல. ஆனால் நாற்பத்திரண்டு எண்ணும்போதே நெஞ்சைக் கயிறு போட்டு இறுக்கியதுபோல் இருந்தது. நங்கூரத்தைத் தொடாமலே மேலே வந்து வள்ளத்து விளிம்பைப் பிடித்துக்கொண்டு தொங்கினார்.

"என்ன அத்தான்?"

"காது குத்துது" என்று பொய் சொன்னார்.

அடுத்த ஞாயிறு, தனியே போய்க் கரையோரத்தில் முங்கிப் பார்த்தார். நாற்பத்தொன்று. அவருக்கு மூத்தவர்கள் இன்னும் தொண்ணூறு எண்ணிக் குளித்துக்கொண்டிருந்தார்கள். வயதுதான் காரணம் என்று தன்னைத் தேற்றிக்கொள்ளவும் வழியில்லை.

ஆலையில் பக்கத்து உருளையில் நின்றவர் கிறிஸ்துநாயகம், நான்கு பெண்பிள்ளைகளின் தகப்பன். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் இளையதம்பி அவரிடம், மூச்சை அடக்கிக் காட்டச் சொன்னார்.

"என்னண்ணை, எனக்குச் சங்கு குளிக்கப் பழக்கப்போறியளோ?" என்று சிரித்துக்கொண்டே மூக்கைப் பொத்தியவர், இருபத்தாறில் கையை எடுத்துவிட்டு இருமினார். இருமல் நிற்க நெடுநேரமாயிற்று. அதற்குப் பிறகு அவர் சிரிக்கவில்லை.

மாதத்துக்கு ஒருநாள் எல்லாருடைய மூச்சையும் எண்ணிப் பார்ப்பது என்று ஆயிற்று. பெயரையும் எண்ணையும் குணலட்சுமி கலண்டர்த் தாளின் பின்பக்கத்தில் எழுதிவைத்தாள். ஐந்து மாதம் போனதும் அவளே தாளைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

"இஞ்சாருங்கோ, முத்தத்து ஆக்களுக்கு ஒண்டும் குறையேல்லை. அறைக்குள்ளை நிக்கிற எட்டுப் பேருக்கும் இறங்கிக்கொண்டு வருகுது. உதைக் கவனிச்சனீங்களோ?"

இளையதம்பி கவனித்திருந்தார். அவளிடம் சொல்லத்தான் பயந்திருந்தார்.

மறுநாள் மனேச்சரிடம் போய், எக்ஸ்றே முடிவைக் காட்டச் சொன்னார்.

"உது டொக்டர்மாரின்ரை அலுவல். நீர் மூக்கைப் பொத்திப் பார்த்து வருத்தம் கண்டுபிடிக்கிறீரோ?" என்றார் அருளம்பலம்.

அறைக்காரர் எட்டுப் பேரும் ஒருநாள் லீவு போட்டுவிட்டு பஸ் ஏறி யாழ்ப்பாணத்துக்குப் போனார்கள். அங்கே நெஞ்சு வருத்தம் பார்க்கும் கிளினிக்கில் இருந்தவர் டொக்டர் கமலாவதி.

"என்ன வேலை செய்யிறனீங்கள்?" என்பதுதான் அவர் கேட்ட முதற்கேள்வி. அதுவரை எந்த எக்ஸ்றேக்காரரும் அதைக் கேட்டதில்லை.

"மணல் அரைக்கிறம், அம்மா."

டொக்டர் ஆலையின் பெயரைக் கேட்டார். எழுந்து போய் ஒரு பைலைக் கொண்டுவந்தார். "வண்டியிலை எடுக்கிற படங்கள் இஞ்சைதான் வரும். ரெண்டு வருசமா உங்கடை ஆலைக்குக் கடிதம் போடுறன். மூண்டு பேரை உடனை வெளிவேலைக்கு மாத்தச் சொல்லி எழுதினனான். ஒருதரும் உங்களுக்குச் சொல்லேல்லையோ?"

மூன்று பெயரையும் வாசித்தார். இரண்டாவது இளையதம்பி. மூன்றாவது கிறிஸ்துநாயகம்.

"உது சயரோகமில்லை. அரைச்ச கல்லு நெஞ்சுக்குள்ளை போய் இருந்திட்டுது. அதை வெளியிலை எடுக்கேலாது."

"மருந்து?"

"இருமலுக்குத் தரலாம். அந்தக் கல்லுக்கு மருந்தில்லை. இனி அந்த அறைக்குள்ளை போகாதேங்கோ."

திரும்பி வரும் பஸ்சில், விடிந்ததும் கந்தோருக்குப் போவதென்று முடிவாயிற்று.

மறுநாட் காலை எட்டுப் பேரும் கந்தோர் வாசலில் நின்றார்கள். கடிதத்தை வாசிக்கச் சொன்னார்கள். அப்படி ஒரு கடிதமும் வரவில்லை என்றார் மனேச்சர். அப்போது கிளாக்கர் நமசிவாயம் தன் கதிரையை விட்டு எழுந்தார். அலுமாரியைத் திறந்து இரண்டு கடிதங்களை எடுத்து மேசைமேல் வைத்துவிட்டுத் திரும்பப் போய்க் கதிரையில் இருந்தார்.

அருளம்பலத்தின் முகம் கறுத்தது. "முதலாளிக்கு அறிவிச்சனான். பதில் வரேல்லை. அறையைப் பூட்டினால் எல்லாரின்ரை சோறும் போகும் எண்டு நினைச்சன்" என்றார். இளையதம்பிக்கு அந்த மனிதரை அடிக்கவும் மனம் வரவில்லை, மன்னிக்கவும் மனம் வரவில்லை.

அறைத் தூளை வெளியே தள்ள ஒரு பெரிய காற்றாடி வந்தது. மூச்சுக் குறைகிறவர்களை முற்றத்துக்கு மாற்றுவதென்று ஏற்பாடாயிற்று. இளையதம்பி வெளியே வந்தார். கிறிஸ்துநாயகம் வரவில்லை. உள்வேலைக்குச் சம்பளம் அதிகம்.

"மூத்தவளுக்குச் செய்துபோட்டு வாறன் அண்ணை" என்றார்.

மூத்தவளின் கலியாணம் நடந்தது. 1976 ஐப்பசியில் அவர், படுத்தால் மூச்சு முட்டுகிறதென்று மூன்று வாரம் உட்கார்ந்தபடியே இருந்து இறந்தார். அவரைக் கையில் பிடித்து வெளியே இழுத்திருக்கவேண்டும் என்று இளையதம்பி குணலட்சுமியிடம் பலமுறை சொல்லியிருக்கிறார்.

1977க்குப் பிறகு வெளிநாட்டுத் தூள் கடைகளுக்கு வந்தது. அடுத்த வருடம் ஆலை மூடப்பட்டது. நட்டஈடு கேட்டு எழுதிய கடிதங்கள் பூட்டிய கந்தோரிலிருந்து திரும்பி வந்தன. இளையதம்பி மாதக் கணக்கை மட்டும் விடவில்லை. சைக்கிளை உருட்டிக்கொண்டு, பழைய ஆட்களின் வீடுவீடாகப் போனார். நாலு வீட்டுக்கு ஒருதடவை நின்று இளைப்பாற வேண்டியிருந்தது. அப்படிப் போனதில்தான், சாக்குத் தைத்த பூரணம் மெலிந்து வருவதைக் கண்டு, அவளை விடாப்பிடியாகக் கிளினிக்குக்கு அனுப்பினார். அவளுக்கு இருந்தது சயரோகம். அதற்கு மருந்து உண்டு. அவள் பிழைத்தாள்.

1980இல் ஒரு லொறிச் சாரதி, ஆலையின் அரைவை உருளைகளைத் தெற்கே சிங்கள ஊரொன்றில் யாரோ வாங்கிப் பொருத்தியிருப்பதாகச் சொன்னான். ஊர் எதுவென்று அவனுக்குச் சரியாகத் தெரியவில்லை. அன்று பின்னேரமே இளையதம்பி மனைவியைக் கூப்பிட்டு ஒரு கடிதம் எழுதச் சொன்னார். இரண்டு சொல்லுக்கு ஒருமுறை மூச்சு வாங்கினார். அரைக்கிற அறைக்குள் நிற்கிறவர்கள் எக்ஸ்றே முடிவைத் தங்கள் கையிலேயே கேட்டு வாங்கவேண்டும், மூச்சை மாதாமாதம் எண்ணிப் பார்க்கவேண்டும். இவ்வளவுதான் விஷயம்.

"அங்கை தமிழ் வாசிக்கிற ஆக்கள் இருப்பினமோ?" என்று குணலட்சுமி கேட்டாள்.

"ஒருதன் எண்டாலும் இருப்பான். எழுது."

அடுத்த தையில் அவர் இறந்தார். விலாசம் எழுதாத அந்தக் கடிதத்தைக் குணலட்சுமி தெற்கே போகும் லொறிக்காரன் ஒருவனிடம் கொடுத்துவிட்டாள். அவன் அதை யாரிடமாவது சேர்த்தானா என்பது அவளுக்குத் தெரியாது.