மூன்றாம் தரம் கூப்பிட்டால்தான்

அண்ணன் மலையேறிய அந்த ராத்திரி முழுக்க நான் அவன்மேல் கோபமாக இருந்தேன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு நல்லவள் வேஷம் போட எனக்கு இஷ்டமில்லை.

கோபத்துக்குக் காரணம் அவனுடைய நேர்த்திக்கடன். கல்யாணமாகி ஏழு வருடம் பிள்ளை இல்லை. அண்ணி உண்டானது தெரிந்ததும், எங்கள் தேயிலைத் தோட்டத்துக்கு மேலே மலை உச்சியில் இருக்கிற முனியாண்டிக்குப் பொங்கல் பானையைத் தலையில் சுமந்து வெறுங்காலோடு ஏறுவதாக வேண்டிக்கொண்டான். வேண்டிக்கொண்டது மொனராகலையில் உட்கார்ந்துகொண்டு. அங்கே ஒரு இரும்புக் கடையில் எட்டு வருடமாக வேலை செய்தான். வெயிலுக்கும் சமதரைக்கும் பழகிப்போன கால்கள். லீவுக்கு வரும்போது றோட்டிலிருந்து எங்கள் லயத்து வரிசை வீட்டுக்கு ஏறுகிற படிக்கட்டிலேயே இரண்டு இடத்தில் நின்று மூச்சு வாங்குவான்.

"முனியாண்டி உச்சியில வச்சாத்தான் சாப்புடுவாரா? அடிவாரத்துல பொங்கி வச்சா எறங்கி வரமாட்டாராமா?" என்று கேட்டேன்.

அண்ணி கன்னத்தில் போட்டுக்கொண்டாள். அவளுக்கு அப்போது ஏழு மாதம். அண்ணன் சிரித்தான்.

"பதுளைக்கு வேலைக்குப் போனதுல ஒனக்கு வாய்தான் வளந்திருக்கு" என்றான்.

நான் பதுளை பஜாரில் ஒரு துணிக்கடையில் நின்றுகொண்டிருந்தேன். வாரம் ஒருமுறை கடைசி பஸ்ஸைப் பிடித்து வீட்டுக்கு வருவேன். அந்த வாரம் அவனுக்காக இரண்டு நாள் லீவு கேட்டு, முதலாளியை முகம் சுளிக்க வைத்துவிட்டு வந்திருந்தேன். எரிச்சலுக்கு அதுவும் சேர்ந்துகொண்டது.

ஐந்து பேர் கிளம்பினோம். முன்னால் எங்கள் மாமா, அம்மாவின் தம்பி. வருடா வருடம் ஏறுகிறவர், பாதை அவருக்குக் காலிலேயே இருந்தது. அவருக்குப் பின்னால் லயத்தில் பக்கத்துக் காம்பரா வீட்டுப் புருஷனும் பெண்சாதியும், அடுத்து நான், கடைசியில் அண்ணன். பானை எடுக்கிறவன் கடைசியில்தான் வரவேண்டும். பானைக்குப் பின்னால் மனுசக் கால் நடக்கக்கூடாது என்பது வழக்கம். இரண்டு கையும் பானையைப் பிடித்திருந்ததால் அவனிடம் டோர்ச் இல்லை. மற்ற நாலு பேரிடமும் இருந்தது. என் வெளிச்சத்தில்தான் அவன் நடக்க வேண்டும்.

பதினெட்டாம் நம்பர் மலையில் தேயிலை முடிந்து மானாப்புல் தொடங்குகிற இடத்தில் மாமா எங்களை நிறுத்தினார். கற்பூரம் கொளுத்திவிட்டுச் சொன்னார்.

"இனிமே யாரும் யார் பேரையும் சொல்லக்கூடாது. திரும்பிப் பாக்கக்கூடாது. பின்னாலேருந்து யாரு கூப்புட்டாலும் மூணாவது தடவ கூப்புடற வரைக்கும் கொரல் குடுக்காதீங்க. வெளங்குதா?"

இதை அவர் சொல்லியிருக்கவே தேவையில்லை. லயத்தில் பிறந்து வளர்ந்த யாருக்கும் தெரியும். காட்டில் இருக்கிற காத்துகருப்பு இரண்டு தரம்தான் கூப்பிடும், மூன்றாவது தரம் கூப்பிட அதற்கு வராது. இரவில் யாராவது வாசலில் நின்று கூப்பிட்டால் எங்கள் அம்மா விரலை மடக்கிக் காத்திருப்பாள். மூன்றாவது விரலை மடக்கின பிறகுதான் காம்பராக் கதவைத் திறப்பாள். நான் உயர்தரம் வரைக்கும் படித்தவள், பகலில் இதையெல்லாம் கிண்டல் பண்ணுகிறவள். ஆனால் பதுளையில் நான் தங்கியிருந்த அறையின் கதவை இரவில் யாராவது தட்டினால் என் விரலும் தானாக மடங்கும். ஊறிப்போனது எங்கே போகும்?

மானாப்புல்லைத் தாண்டியதும் காடு மூடிக்கொண்டது. அதற்குப் பிறகு அது நடை இல்லை. கையால் வேரைப் பிடித்து, முழங்காலை மண்ணில் ஊன்றி, உடம்பைத் தூக்கித் தூக்கிப் போடுகிற வேலை. பானைக்குப் போக அண்ணனுக்கு ஒரு கைதான் மிச்சம். மேலே போகப் போகப் பனி இறங்கிக்கொண்டே வந்தது. டோர்ச் வெளிச்சம் இரண்டு முழத்துக்கு மேல் போகவில்லை. அட்டை கணுக்காலில் ஏறுவது தெரியும், நின்று பிடுங்க முடியாது. நின்றால் குளிர் எலும்புக்குள் போனது. எனக்குப் பயமாகத்தான் இருந்தது. பயத்தைக் காட்டிக்கொள்ளத் தெரியாதவர்கள் கோபத்தைக் காட்டுவார்கள். நான் அந்த ஜாதி.

திரும்பிப் பார்க்கக்கூடாது என்பதால் கையைப் பின்னால் வளைத்து அண்ணனுக்கு வெளிச்சம் காட்டிக்கொண்டே ஏறினேன். தோள்பட்டை கழன்றுவிடும் போல் வலித்தது. அவன் மூச்சு என் முதுகுக்குப் பின்னால் கேட்டுக்கொண்டே இருந்தது.

நடுவழியில் ஒரு ஊற்று. அங்கே உட்கார்ந்து ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கலாம், அதற்குத் தடையில்லை. அப்போதுதான் அண்ணனைப் பார்த்தேன். முழங்கால் கிழிந்து இரத்தம் கணுக்கால் வரை வழிந்திருந்தது. உதடு வெளிறிப்போயிருந்தது. பானையை மட்டும் மடியில் பிள்ளையைப் போல் வைத்திருந்தான்.

"போதும்ணே. எறங்கிருவோம்."

"பாதியில எறங்குனா புள்ளைக்கு ஆகாது."

"நீ விழுந்து செத்தா மட்டும் புள்ளைக்கு ஆகுமா?"

பக்கத்துக் காம்பரா அக்கா "மலையில நின்னுகிட்டு என்ன பேச்சு பேசுற புள்ள" என்று அதட்டினாள். அண்ணன் எழுந்து பானையைத் தலையில் வைத்துக்கொண்டான். எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது.

"அப்ப நீயே வா" என்றேன்.

அதற்குப் பிறகு நான் கையைப் பின்னால் வளைக்கவில்லை. வெளிச்சத்தை முன்னால் பிடித்துக்கொண்டு விறுவிறுவென்று ஏறினேன். கொஞ்ச தூரத்தில் அவன் மூச்சுச் சத்தம் கேட்பது நின்றது. கேட்காதது அப்போது எனக்கு நிம்மதியாகவே இருந்தது.

அந்த இடத்தில் பாதை பாறையை ஒட்டிப் போகும். ஒரு பாதம் வைக்கத்தான் அகலம். வலது பக்கம் பாறை, இடது பக்கம் பள்ளம். நாங்கள் நாலு பேரும் அதைத் தாண்டி, வளைந்து, அதற்கு நேர் மேலே ஏறியிருந்தோம்.

"தங்கச்சி..."

கீழேயிருந்து வந்தது. மெதுவாக, இழுத்து. மாமா கையைத் தூக்கினார். நாங்கள் நின்றோம்.

"தங்கச்சி..."

"மாமா, அண்ணன் கொரலு" என்றேன், வாய்க்குள்ளேயே.

"அதுக்கு எல்லாரு கொரலும் வரும். பொறு."

பொறுத்தோம். எத்தனை நேரம் என்று என்னால் சொல்ல முடியாது. என் வலது கையில் இரண்டு விரல் மடங்கியிருந்தது. மூன்றாவதைப் பாதி மடக்கி வைத்துக்கொண்டு நின்றேன். இலைகளிலிருந்து பனி சொட்டுகிற சத்தம் மட்டும் கேட்டது. பக்கத்துக் காம்பரா அக்கா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டிருந்தாள்.

மூன்றாவது வரவில்லை.

"பாத்தீங்களா" என்றார் மாமா. "மனுசனா இருந்தா கூப்புட்டிருப்பான். நடங்க. அவன் பின்னால வந்துகிட்டுத்தான் இருப்பான்."

நான் நடந்தேன். மாமா சொன்னதை முழுதாக நம்பினேன் என்று சொன்னால் அது பொய். அது அண்ணன் குரல்தான் என்று எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டே அடுத்த வேரைப் பிடித்து ஏறினேன்.

கால் மணி நேரம் கழித்து ஒரு தட்டைப் பாறைக்கு வந்தோம். அண்ணனுக்காகக் காத்திருந்தோம். வரவில்லை. மாமாதான் முதலில் திரும்பினார். அவர் வாய்விட்டு அண்ணன் பேரைக் கத்தினார். அந்தக் காட்டில் அன்று முதல் தடவையாக ஒரு பெயர் கேட்டது. கத்திக்கொண்டே இறங்கினோம். பதில் இல்லை.

பாறையை ஒட்டின பாதையின் தொடக்கத்தில் பானை இருந்தது. உடையவில்லை. இரண்டு கல்லுக்கு நடுவில் ஆடாமல் வைத்து, வாயில் கட்டின துணிகூட அவிழாமல் இருந்தது. கையால் பாறையைப் பிடித்து முதலில் பாதையைத் தடவிப் பார்க்கலாம் என்று இறக்கி வைத்திருக்கிறான். இருட்டில், என் வெளிச்சம் இல்லாமல்.

பள்ளத்தில் இறங்கி அவனிடம் போய்ச் சேர விடிந்துவிட்டது. உயிர் இருந்தது. கண் திறந்திருந்தது. இடுப்புக்குக் கீழே எந்த அசைவும் இல்லை. மாமா தன் கம்பளியை இரண்டு கம்பில் கட்டினார். நாலு பேரும் மாறி மாறித் தூக்கிக்கொண்டு இறங்கினோம். ஏறினதைவிட அதற்குத்தான் அதிக நேரம் ஆனது. கொழுந்து லொறியில் ஏற்றி றோட்டுக்கு வந்து, அங்கிருந்து வேனில் பதுளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். வழி நெடுக அண்ணன் கேட்டது ஒன்றே ஒன்று. பானையை யாராவது எடுத்தீர்களா என்று.

மூன்றாம் நாள் வார்டில் அவனுக்குப் பேச்சுத் தெளிந்தது. மாமாவும் நானும் கட்டில் பக்கத்தில் நின்றோம். என்ன நடந்தது என்று அவனே சொன்னான். கால் வழுக்கியிருக்கிறது. உடனே கீழே விழவில்லை. ஒரு வேரைப் பிடித்துத் தொங்கியிருக்கிறான்.

"வேரப் புடிச்சுக்கிட்டு ஒன்னயத்தான் கூப்புட்டேன்" என்றான் என்னைப் பார்த்து. "கொஞ்ச நேரம் தாங்குச்சு. அப்புறம் பிடுங்கிக்கிட்டு வந்துருச்சு. கேக்கலையா?"

அதுவரைக்கும் நான் எனக்குள் ஒரு சமாதானம் சொல்லி வைத்திருந்தேன். விழுந்த பிறகுதான் கூப்பிட்டிருப்பான், நாங்கள் உடனே போயிருந்தாலும் நடந்தது நடந்ததுதான் என்று. அந்தச் சமாதானம் அந்தக் கட்டில் பக்கத்திலேயே போயிற்று. முதல் கூப்பாட்டுக்குத் திரும்பியிருந்தால் கை நீட்டித் தூக்கியிருக்கலாம்.

மாமா முந்திக்கொண்டார். "பனிடா. காத்து வேற. ஒண்ணும் கேக்கல." சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தார்.

"கேக்கலண்ணே" என்றேன்.

அண்ணன் கொஞ்ச நேரம் எங்கள் இருவரையும் பார்த்துவிட்டு, கண்ணை மூடிக்கொண்டான்.

அண்ணிக்குப் பெண் குழந்தை பிறந்தது. நல்ல சுகமாக, மூன்று கிலோவுக்கு மேல். முனியாண்டி கொடுத்துவிட்டார் என்று லயத்தில் பேசிக்கொண்டார்கள். எனக்கு அந்தப் பேச்சைக் கேட்டால் பற்றிக்கொண்டு வரும். மாமா அதற்குப் பிறகு மலைக்குப் போகவில்லை, எங்கள் வீட்டுப் பக்கமும் வருவதில்லை. எதிரே வந்தால் பாதையை விட்டுத் தேயிலைக்குள் இறங்கிவிடுகிறார். நான் துணிக்கடையை விட்டுவிட்டு வந்துவிட்டேன். அண்ணி கொழுந்தெடுக்கப் போகிறாள், நான் அண்ணனையும் பிள்ளையையும் பார்த்துக்கொள்கிறேன். பானை அடுப்புக்கு மேல் பரணில் கிடக்கிறது. அதில் யாரும் பொங்கவில்லை, அதை யாரும் எறியவுமில்லை.

அண்ணன் பகலெல்லாம் காம்பராவுக்கு முன்னால் இஸ்தோப்புத் திண்ணையில் நாற்காலியில் உட்கார்ந்திருப்பான். அங்கிருந்து மலை முழுதாகத் தெரியும். நாற்காலியைத் திருப்பிப் போட்டுப் பார்த்தேன், வேண்டாம் என்றுவிட்டான். அவனிடம் ஒரே ஒரு மாற்றம். எது வேண்டுமானாலும் மூன்று தரம் கூப்பிடுகிறான். முதல் கூப்பாட்டுக்கே நான் ஓடிப்போய் முன்னால் நின்றாலும், மற்ற இரண்டையும் கூப்பிட்டு முடித்துவிட்டுத்தான் என்ன வேண்டும் என்று சொல்வான். குத்திக்காட்டுகிறானா, பழக்கமாகிவிட்டதா என்று அவன் முகத்தில் தேடித் தேடிப் பார்ப்பேன். ஒன்றும் கிடைக்காது.

போன மாதம் ஒரு மத்தியானம், அவன் காலடியில் உட்கார்ந்து கறிக்குப் போஞ்சிக்காய் வெட்டிக்கொண்டிருந்தேன்.

"தங்கச்சி" என்றான்.

"ம்."

"தங்கச்சி."

"பக்கத்துலதானண்ணே இருக்கேன்."

"தங்கச்சி. கொஞ்சம் தண்ணி குடு."

கொண்டுவந்து கொடுத்தேன். அவன் வாங்கினான். நான் டம்ளரை விடவில்லை. இரண்டு பேர் கையும் அதில் இருந்தது. இதற்கு மேல் என்னால் முடியாது என்று தோன்றியது.

"அன்னைக்கு நீ கூப்புட்டது கேட்டுச்சுண்ணே. ரெண்டு தடவையும் கேட்டுச்சு. மூணாவதுக்காகத்தான் நின்னோம்."

என் கையை மெதுவாக விலக்கிவிட்டு, தண்ணீர் முழுவதையும் குடித்தான். டம்ளரைக் கீழே வைத்தான்.

"தெரியும்" என்றான். "தொங்கிக்கிட்டே மேல பாத்தேன். நாலு லைட்டும் நின்னுச்சு. வாறீங்கன்னு நெனச்சேன். அதான் மூணாவது தடவ கூப்புடல."