ஞாயிற்றுக்கிழமை வழுக்கிய கிளச்

அப்பா போன மாதம் இறந்தார். ஆட்டையாம்பட்டி மோட்டார் மெக்கானிக் தீர்த்தகிரி என்றால் சுற்றுவட்டாரத்தில் தெரியும். மெக்கானிக் சங்க மலருக்கு அவரைப் பற்றி நாலு நல்ல வார்த்தை எழுதித் தரச் சொன்னார்கள். உழைப்பாளி, நேர்மையானவர் என்று எழுதிப் பார்த்தேன். பொய்யில்லை. ஆனால் அதில் அப்பா இல்லை. அவர் பெரிய குறும்புக்காரர். அதனால் ராசப்பக் கவுண்டரின் காரைப் பற்றி எழுதுகிறேன்.

ஆண்டு 1933. அப்பாவுக்குக் கல்யாணமான புதிது. பட்டறை அதைவிடப் புதிது. பட்டறை இருந்த ஓட்டுக் கட்டடம் ராசப்பக் கவுண்டருடையது. கவுண்டருக்குத் தோட்டம், கிணறு, காளைகள், பிடிவாதம் எல்லாம் நிறைய இருந்தன. ஏற்காட்டுக் காப்பித் தோட்டத்துத் துரை ஒருவர் சீமைக்குத் திரும்பும்போது தன் பந்தயக் காரை விற்றார். கவுண்டர் வாங்கினார். இரண்டு பேர் மட்டும் உட்காரும் சிவப்பு வண்டி. கூரை கிடையாது.

வாங்கிய சில மாதங்களில் கிளச் தேய்ந்தது. அந்தக் காலத்துக் கிளச் எளிமையானது. என்ஜினோடு சுழலும் கனத்த சக்கரத்தில் புனல் போல ஒரு குழி. அதற்குள் பொருந்தும் இரும்புக் கூம்பு. கூம்பைச் சுற்றித் தோல். ஸ்பிரிங் அழுத்தும்போது தோல் குழியைக் கவ்விக்கொள்ளும், வண்டி நகரும். மிதியை அழுத்தினால் கூம்பு விலகும். அப்பா புதுத் தோல் வெட்டினார். விளக்கெண்ணெயை விரலால் தொட்டு லேசாகத் தடவிப் பதமாக்கினார். செப்பு ஆணி அடித்துப் பூட்டினார். கவுண்டர் முக்காலி போட்டு உட்கார்ந்து வேலை முழுவதையும் பார்த்தார்.

வண்டி நன்றாக ஓடியது. ஞாயிற்றுக்கிழமை நின்றது. காளை பூட்டிப் பட்டறைக்கு இழுத்து வந்தார்கள். கவுண்டர் ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே வந்து சேர்ந்தார்.

"ஏப்பா தீர்த்தகிரி, சத்தம் ஏற்காடு போயிருச்சு. நான் மட்டும் இங்கயே உக்காந்திருக்கறேன்."

என்ஜின் சுழல்கிறது, வண்டி நகரவில்லை. கிளச் வழுக்குகிறது. காரணங்கள் சிலவே. மிதி எங்காவது முட்டினால் கூம்பு முழுதாக உள்ளே போகாது. அப்பா மிதியைச் சரிசெய்தார். வாரத்தின் நடுவில் வண்டி ஓடியது. அடுத்த ஞாயிறு மறுபடியும் காளை. ஸ்பிரிங் தளர்ந்திருக்கும் என்று புதிதாகப் போட்டார். வியாழக்கிழமை வண்டி பறந்தது. அடுத்த ஞாயிறும் காளை வந்தது.

இந்த முறை கவுண்டர் வண்டியை விட்டு இறங்கவில்லை.

"எம் மகளுக்கு நாமக்கல்லுல எடம் பேசியிருக்குதப்பா. வாற ஞாயித்துக்கெழமை சம்பந்தியக் கூட்டிக்கிட்டு இந்த வண்டீல ஏற்காடு ஏறறேன்னு சொல்லிப்போட்டேன். ஏறுச்சுன்னா நல்லது. ஏறலீன்னா நீ கட்டடத்தக் காலி பண்ணிக்க."

"ஏறுமுங்க சாமி," என்றார் அப்பா. எப்படி என்று அவருக்கே தெரியாது.

சொல்லி முடித்த பிறகே கவுண்டர் இறங்கி, நடந்தே ஊருக்குப் போனார். அப்பா காலடியில் இருந்த மிதிபலகையைக் கழற்றிக் கூம்பைத் தொட்டுப் பார்த்தார். விரலெல்லாம் எண்ணெய். என்ஜின் கசிகிறது என்று நினைத்தார். ஆனால் என்ஜின் எண்ணெய் கறுப்பாக இருக்கும். இது தேன் போலத் தெளிவாக இருந்தது. கஞ்சிக் கலயத்தோடு வந்த அம்மாவிடம் விரலை நீட்டினார். அம்மா முகர்ந்தார்.

"இது விளக்கெண்ணெயுங்க. பேதிக்குக் குடுக்கறது."

"காருக்கு ஆரு பேதிக்குக் குடுப்பா?"

"கவுண்டரு குடுத்திருப்பாரு. மலை ஏறறதுக்கு முந்தி வவுறு சுத்தமா இருக்கோணுமல்ல."

"எல்லா ஞாயித்துக்கெழமையும் நோவு. வெசாழக்கெழமையானா சொகம். இது என்ன நோவு ஆராயி?"

"ஞாயித்துக்கெழமைக்கு முந்துன நாளு என்னன்னு பாருங்க. சனிக்கெழமை நீங்க மட்டும் எண்ணெ தேச்சுக் குளிக்காம பட்டறையில கெடக்கறீங்க. ஊரே குளிக்குது."

அம்மா இப்போதும் இந்த இடத்தில் சிரிப்பார். அப்பாவின் பதினாறாம் நாள் காரியத்தன்று கேட்டபோதும் சிரித்தார். பிறகு பேச்சை நிறுத்திவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டார்.

அப்பா கிளச்சைத் துடைத்துப் பூட்டி வண்டியை அனுப்பிவைத்தார். சனிக்கிழமை காலையில் கவுண்டரின் தோட்டத்துக்குப் போனார். கிணற்றடியில் கவுண்டர் கோவணத்தோடு நின்றார். உடம்பெல்லாம் நல்லெண்ணெய் வழிந்தது. பக்கத்தில் தண்ணீர் இறைக்கும் பறியைச் சாய்த்து வைத்திருந்தார்கள். அதன் அடியில் தொங்கும் தோல் குழாய்க்கு அப்போதுதான் எண்ணெய் போட்டிருந்தது, பளபளத்தது. அடுத்து காரின் முறை. மிதிபலகையைக் கழற்றிப் போட்டுவிட்டு, கவுண்டர் அகப்பையால் விளக்கெண்ணெயை மொண்டு கிளச்சுக்குள் ஊற்றிக்கொண்டிருந்தார்.

அப்பா அகப்பையையே பார்த்தார்.

"என்னப்பா பாக்கற? நீதான தடவுன. பூனைக்குத் தடவற மாதிரி விரலால தடவுன. பத்துமா? தோலு காஞ்சா வெடிச்சுப்போயிரும். நானாச்சு, நல்லாக் குடிக்கட்டும்னு வாராவாரம் ஊத்தறேன்."

பறித்தோலைப் பொறுத்தவரை கவுண்டர் சொன்னது முழுக்கச் சரி. அங்கே தோல் வளைய வேண்டும். கிளச்சில் தோல் பிடிக்க வேண்டும். ஊற்றிய எண்ணெய் நாலைந்து நாள் சூட்டில் எரிந்து தீரும், வண்டி ஓடும், மறுபடி சனிக்கிழமை வரும். இதை விளக்கியிருக்கலாம். ஆனால் தோலைப் பற்றி ராசப்பக் கவுண்டரிடம் 'தப்பு' என்று சொன்ன ஆள் அந்தப் பக்கத்தில் குடியிருந்ததில்லை. அப்பாவோ அவர் கட்டடத்தில் குடியிருந்தார்.

"செஞ்சது நல்லதுதானுங்க. ஆனா இதுக்கு வவுறு நெறஞ்சுபோச்சுங்க. நெறஞ்ச மாடு தண்ணி குடிக்குமுங்களா?"

"குடிக்காது."

"அங்க பாருங்க சாமி, ஒண்ணு பட்டினி கெடக்குது."

என்ஜின் மூடி திறந்துகொள்ளாமல் இருக்க மேலே குறுக்காக ஒரு தோல் வார் கட்டியிருந்தது. துரை காலத்து வார். வெயிலில் காய்ந்து வெடித்திருந்தது.

"மொத்த வண்டியையும் புடிச்சு நிறுத்தறது அந்த வாருதானுங்க. அதைக் கவனிக்க ஆளில்லை. அதுதான் ஏக்கம் புடிச்சு வழுக்குது."

இதைவிடப் பெரிய பொய்யை நான் எந்த இயந்திர நூலிலும் படித்ததில்லை. அந்த வார் அறுந்தால் மூடி கொஞ்சம் ஆடும். அவ்வளவுதான். கவுண்டர் வாரைத் தடவிப் பார்த்தார். அவர் முகம் வாடிப்போனது.

"அட பாவமே. கண்ணு முன்னால கெடந்தும் தெரியலையே."

"உள்ளுக்குள்ள இருக்கறது மிச்சம் குடிச்சதைக் கக்க வெச்சுக் கொண்டாரேனுங்க," என்று அப்பா வண்டியைக் காளை பூட்டிப் பட்டறைக்கு இழுத்துவந்தார். தோலைப் பெட்ரோலில் கழுவினார். எண்ணெயை உறிஞ்சச் சலித்த களிமண் பொடியைத் தூவினார். பயத்தில் கொஞ்சம் அதிகமாகவே தூவினார்.

ஞாயிற்றுக்கிழமை கவுண்டர் ஓட்டினார். பக்கத்தில் சம்பந்தி அப்புசாமிக் கவுண்டர், தலையில் புது உருமாலோடு. பின்னால் உதிரிச் சக்கரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அப்பா நின்றார். அடிவாரம் தாண்டியது. முதல் வளைவு, அடுத்த வளைவு, கிளச் பிடித்தது. செங்குத்தான ஓர் இடத்தில் கவுண்டர் வண்டியை நிறுத்திவிட்டார்.

"என்னாச்சுங்க சாமி?" அப்பா பின்னாலிருந்து குதித்து இறங்கினார்.

"வாரு வெயில்ல காயுதப்பா."

கவுண்டர் இடுப்பிலிருந்து சிறு புட்டியை எடுத்தார். இறங்கிப் போய், சம்பந்தி பார்க்க, வாருக்கு விளக்கெண்ணெய் தடவினார். தோலைப் பராமரிப்பது எப்படி என்று விளக்கினார். அப்பா சாலையில் கிடந்த கல்லை எடுத்துச் சக்கரத்துக்கு அடியில் வைத்தார். மலையில் நின்ற வண்டியை மேல்நோக்கிக் கிளப்புவதைவிடக் கிளச்சுக்குப் பெரிய சோதனை இல்லை. இங்கே வழுக்கினால் பட்டறை இல்லை.

கவுண்டர் ஏறி உட்கார்ந்தார். அப்பா மறுபடி பின்னால் தொற்றிக்கொண்டார். மிதியிலிருந்து காலை எடுத்தார்.

பொடி தன் வேலையைக் கொஞ்சம் அதிகமாகவே செய்தது. கிளச் வெடுக்கென்று கவ்வியது. வண்டி கல்லை விட்டுக் குதித்துப் பாய்ந்தது. சம்பந்தியின் உருமால் பறந்துபோய் அப்பாவின் முகத்தை மூடியது. அப்பா ஒரு கையால் சக்கரத்தையும் மறு கையால் உருமாலையும் பிடித்துக்கொண்டு மிச்ச மலையைக் கண் தெரியாமல் ஏறினார்.

"பாத்தீங்களா?" என்றார் கவுண்டர் சம்பந்தியிடம். "எண்ணெ பட்டதும் என்ன பாய்ச்சல்."

கல்யாணம் நிச்சயமானது. மலையிலிருந்து இறங்கியதும் கவுண்டர் அப்பாவைத் தனியே அழைத்தார்.

"கட்டடத்துல நீயே இருந்துக்க. கைவேலை பரவால்ல. தோலு சமாச்சாரம் மட்டும் என்னைக் கேட்டுப்போட்டுச் செய்."

"கேக்கறனுங்க சாமி," என்றார் அப்பா. கவுண்டர் இருந்தவரை, எந்த வண்டிக்குக் கிளச் போட்டாலும், போட்டு முடித்த பிறகு போய்க் கேட்டுவிட்டு வந்தார்.