காகமில்லாத கண்டத்தில் ஒரு திவசம்

குசினியில் சோறு, பருப்பு, கத்தரிக்காய்க் குழம்பு, வடை, பாயாசம் எல்லாம் தயார். மேசையில் இருபது பிரெஞ்சுக்காரர் கரண்டியோடு காத்திருக்கிறார்கள். பரிமாறத்தான் முடியவில்லை. அந்தாட்டிக்காவில் காகம் கிடையாது.

இப்போது பாரிசில், தமிழ்க் கடைகள் நிறைந்த லாச்சப்பலில் சாப்பாட்டுக்கடை நடத்துகிறேன். அதற்கு முன் ஒரு கோடைகாலம், பனிக்கும் பென்குயின்களுக்கும் நடுவில், பிரெஞ்சு ஆராய்ச்சி நிலையம் ஒன்றில் சமைத்தேன். சமையல் வேலைக்கு வருகிறவர்கள் இதை நம்பலாம்: விஞ்ஞானிகள் குளிரைத் தாங்குவார்கள், பிந்திய சாப்பாட்டைத் தாங்கமாட்டார்கள்.

அன்று அப்பாவின் திவசம். லாச்சப்பலில் வாங்கிய உளுந்தை அதற்கென்றே ஒளித்து வைத்திருந்தேன். காலையில் அம்மா யாழ்ப்பாணத்திலிருந்து போனில் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

"காகம் எடுத்தாப் பிறகுதான் மற்ற ஆக்களுக்குப் போடவேணும். விளங்குதோ?"

"அம்மா, இஞ்சை காகமில்லை."

"காகமில்லாத ஊர் எங்கையடா இருக்கு? வடிவாய்ப் பார்."

வடிவாய்ப் பார்த்தேன். ஸ்கூவா ஒன்று நின்றது. பென்குயின் முட்டையைக் களவெடுத்துத் தின்னும் பழுப்புநிறப் பறவை. குணத்தில் காகத்துக்குச் சொந்தக்காரன்தான். தட்டோடு வெளியே போனேன். அது தத்தித் தத்திக் கிட்ட வந்தது. எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது.

"வாங்கோ அப்பா," என்றேன்.

பின்னால் நிலையத் தலைவர் பிரெஞ்சில் கத்தினார். அதை என் தமிழில் தருகிறேன். "செல்வா! ஒரு பருக்கை கீழை விழுந்தாலும் அடுத்த கப்பலிலை நீ வீட்டை! பறவைக்குச் சாப்பாடு போடக்கூடாதெண்டு தெரியாதோ?"

தெரியும். கொன்திராவில், அதுதான் வேலை ஒப்பந்தத்தில், அந்த விதிக்குக் கீழேதான் கையெழுத்து வைத்திருந்தேன்.

"மெசியு, இது பறவையில்லை. என்ரை அப்பா."

தலைவர் ஸ்கூவாவைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். டொக்டரைக் கூப்பிட்டார்.

உள்ளே டொக்டர் நெற்றியைத் தொட்டுப் பார்க்கும்போதே விஷயத்தைச் சொன்னேன். செத்தவர்கள் காகமாய் வந்து முதலில் சாப்பிடவேண்டும், பிறகுதான் பந்தி. அப்பா செத்தபோது விசா இல்லாமல் பாரிசில் கிடந்தேன், முகம்கூடப் பார்க்கவில்லை. இன்றைக்கும் அவரைப் பசியோடு அனுப்ப எனக்கு மனமில்லை.

பென்குயின்களை எண்ணுகிற விஞ்ஞானி கிளேர் கேட்டாள்.

"காகம் என்ன நிறம்?"

"கறுப்பு."

"சட்டம் பறவைக்குத்தானே? எனக்கில்லையே?"

தன் கறுப்புக் குளிரங்கியை மாட்டிக்கொண்டு வெளியே போனாள். கொஞ்சம் தள்ளி நின்று, "கூப்பிடு," என்றாள்.

மற்ற எல்லாரும் யன்னலில் முண்டியடித்தார்கள். "கா... கா..." என்று நான் தட்டோடு வாசலில் நின்று கூப்பிட, கிளேர் வந்தாள். தட்டை நாடிக்குக் கீழே பிடித்து, ஒரு பருக்கை சிந்தாமல் சாப்பிட்டாள். தலைவர் வெளியே வந்து, குனிந்து நிலத்தைச் சோதித்தார். ஸ்கூவா வயிறெரியப் பார்த்துக்கொண்டு நின்றது. பிறகு பந்தி நடந்தது. பாயாசச் சட்டியைத் தலைவரே வழித்தார்.

மத்தியானம் அம்மா திரும்பப் போன் எடுத்தார்.

"காகம் எடுத்ததோ?"

அம்மாவிடம் எனக்குப் பொய் வராது. "காகமில்லை அம்மா. பென்குயின் எண்ணுற ஒரு பிரெஞ்சுப் பொம்பிளை எடுத்தவ."

அம்மா நேரே விஷயத்துக்கு வந்தார்.

"முதல் எதை எடுத்தவ?"

"வடையை. பிறகுதான் சோத்தைப் பாத்தவ. முடிஞ்ச உடனை இன்னொரு வடை கேட்டவ."

அம்மா அழுகிறாரா சிரிக்கிறாரா என்று விளங்கவில்லை.

"அப்ப கொப்பர்தான்," என்றார். "உன்ரை அப்பாவுக்கு எண்டைக்கும் ஒரு வடை காணாது. குடுத்தனியோ?"

"குடுத்தனான்."

இந்தத் தொழிலில் நான் படித்த பாடம் அவ்வளவுதான். இரண்டாவது வடை கேட்டு வருகிறவர் யாரென்று நமக்குத் தெரியாது. என் கடையில் யாருக்கும் அதை இல்லையென்று சொல்வதில்லை.