தஹிசர் முக்கில் ரெண்டு கண் மாதா

தாராவியில் தோல் கிடங்குகளுக்கும் சலூன்களுக்கும் பெயர்ப்பலகை எழுதிவந்த ஞானராஜ், 1964-இல் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டார்.

வருடாவருடம் தாராவித் தமிழர்கள் உத்தன் கடற்கரை மாதா கோயிலுக்கு நடந்தே போவார்கள். முன்னே போகிறவர்கள் பறப்பார்கள். பின்தங்கியவர்கள் ஏதாவது முக்கில் வழி தவறுவார்கள். போன வருடம் சிலர் திசை மாறித் தானா ஊரில் போய் நின்றார்கள். எழுதி வைத்தாலோ பாதிப்பேருக்குப் படிக்க வராது.

“முக்குக்கு முக்கு தகரத்துல படம் எழுதி மாட்டுதேன்” என்றார் ஞானராஜ். எகிப்துக்குப் போகும் திருக்குடும்பம். பக்கவாட்டில் வரைந்த மாதா முகம் எந்தப் பக்கமோ, அந்தப் பக்கம் நடக்க வேண்டும்.

நடைக்குத் தலைவர் காசிராஜன் விரலை ஆட்டினார். “ஒருத்தன் தொலைஞ்சாலும் உம்ம தகரத்தையெல்லாம் கழட்டிக் கோழிக்கூட்டுக்குக் கூரை போட்டுருவேன் வே!”

ஞானராஜ் தூக்கத்தை விட்டு வரைந்தார். கடைசித் தகரத்தில் கை வைத்தபோது மனைவி தங்கத்தாய் இடுப்பில் கைவைத்து நின்றாள்.

“எல்லாத்துலயும் மாதாவுக்கு ஒத்தக் கண்ணுதான் போட்டிருக்கிய. முட்டி வலியோட நடந்துவாரவளப் பாத்து முகத்தத் திருப்பிக்கிடுவாளாக்கும்?”

“வழி காட்டணும்லா?”

“கும்பிடாண்டாமா?”

அவருக்கும் மனசு கேட்கவில்லை. அந்த ஒன்றில் மட்டும் மாதா நேராகப் பார்த்தாள், இரண்டு கண்ணோடு. தகரம் தஹிசர் முக்கில் ஏறியது.

நடை நாளில் ஞானராஜ் கூட்டத்தின் வாலில் வந்தார். படத்துக்குப் படம் ஜனங்கள் சரியாகத் திரும்பினார்கள். அவருக்கு நடையே துள்ளியது. தஹிசருக்கு முந்தின போரிவ்லி தாண்டியதும்தான் உறைத்தது: நேரே பார்க்கிற மாதா எந்தப் பக்கத்தைக் காட்டுவாள்? செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடினார்.

முக்கில் ஒரே பாட்டுச் சத்தம். படத்துக்கு அடியில் மெழுகுவத்திகள். முன்னே பறந்தவர்களெல்லாம் சம்மணம் போட்டிருந்தார்கள். நம்மையே பார்க்கிற மாதாவை விட்டு எப்படிப் போவது என்று ஜெபமாலையைத் தொடங்கியவர்கள், அப்படியே சோற்றுப் பொட்டலத்தையும் பிரித்துவிட்டார்கள். அதற்குள் பின்தங்கியவர்கள் ஒவ்வொருவராக வந்து சேர்ந்திருந்தார்கள். தங்கத்தாய் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள்.

காசிராஜன் தலைகளை எண்ணினார். நம்பாமல் மறுபடி எண்ணினார்.

“வழி காட்டச் சொன்னா ஆளையெல்லாம் உக்கார வச்சிட்டீரே ஓய்!”

“யாரும் தொலைஞ்சிருக்காவளா அண்ணாச்சி?”

காசிராஜன் புளிச்சோற்றை ஒரு கை அள்ளி அவரிடம் நீட்டினார். “அடுத்த வருசம் சோறு திங்கிற எடத்துக்கெல்லாம் ரெண்டு கண்ணாவே போடும்.”

கூட்டம் எழுந்தது. ஞானராஜ் படத்தடியில் நின்று, சோற்றுக் கையாலேயே இடப்பக்கம் காட்டினார். தங்கத்தாய் அண்ணாந்து பார்த்தாள்.

“மூக்கு கொஞ்சம் கோணல்” என்று சொல்லிவிட்டு நடந்தாள்.