சந்தியோகு அண்ணையின் அடக்கத்துக்குச் சுறா வறையா?

சந்தியோகு அண்ணை போய்விட்டார். வெள்ளிக்கிழமை விடியற்காலை, இங்கே ஜெர்மனியில், ஹம் நகர ஆஸ்பத்திரியில்... இதயம்.

ஹம் ஸ்டேஷனுக்குப் பின்னால் தமிழ்க்கடை வைத்திருந்தாரே, மன்னார்க்காரர், அவர்தான். என் அம்மாவுக்கும் அண்ணை, எனக்கும் அண்ணை, என் மகனுக்கும் அண்ணை.

அழுதுகொண்டு எழுதத்தான் ஃபேஸ்புக்கைத் திறந்தேன். இப்போது கோபத்தில் எழுதுகிறேன். மன்னித்துக்கொள்ளுங்கள்... இல்லை, மன்னிக்கவும் வேண்டாம்.

வருகிற சனிக்கிழமை அடக்கம் முடிந்து சேர்ச் மண்டபத்தில் சாப்பாடு. அதற்கென்று தொடங்கிய வாட்ஸ்அப் குரூப்பில் இன்று காலை மெனு வந்தது. சோறு, பருப்பு, கத்தரிக்காய்ப் பால்கறி, சுறா வறை. பக்கத்தில் ஒரு கும்பிடும் கை. "அண்ணை மீன் வித்தவர், அவருக்காக."

அவருக்காகவாம்!

அந்த மனிதர் தன் கடையில் சுறா விற்பதை நிறுத்திப் பல வருடம் ஆகிவிட்டது. ஏன் என்று தெரியாதவர்களுக்கு என் வீட்டுக் கதையையே சொல்கிறேன்.

என் மகன் பிறந்த கிழமை. பிள்ளை பெற்றவளுக்குப் பால்சுறா கொடுத்தால் பால் ஊறும் என்பது நம் வழக்கம். அம்மா கடைக்குப் போய்க் கேட்க, அண்ணை ஒரு முழு மீனை எடுத்து வயிற்றைக் கீறினார். உள்ளே குட்டிகள். ஒவ்வொன்றும் தொப்புள்கொடியோடு.

ஓம், கொடியோடுதான். சுறாவும் மீன்தான், ஆனால் பால்சுறா முட்டையைக் கடலில் கொட்டிவிட்டுப் போவதில்லை. நம்மைப் போல வயிற்றில் சுமந்துதான் பெறுகிறது.

மன்னாரில் கடலுக்குப் போனவருக்கு இது புதினம் இல்லை, எத்தனையோ தரம் கண்டிருப்பார். ஆனால் அன்றைக்கு அம்மா யாருக்காகக் கேட்டார் என்பதையும் காதில் வைத்துக்கொண்டு அதைக் கண்டார். கத்தியைக் கீழே வைத்துவிட்டாராம்.

"பிள்ளை பெத்தவளுக்குப் பிள்ளை சுமக்கிறவளை வெட்டிக் குடுக்கிறதோ தங்கச்சி? என்னால ஏலாது."

அம்மா வீடு வரும் வரை திட்டிக்கொண்டு வந்தார். "மீன்கடையில நிண்டுகொண்டு சந்நியாசம் பேசுறார்!"

பின்னேரம் பெல் அடித்தது. வாசலில் அண்ணை, கையில் காரல் மீன் பை. "சொதி வைச்சுக் குடுங்கோ, இதுக்கும் பால் ஊறும்." அம்மா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் தேங்காய்ப்பால் விட்டுச் சொதி வைத்தார். என் மகன் வயிறு நிறையப் பால் குடித்தான்.

அதற்குப் பிறகு அந்தக் கடையில் சுறா இல்லை. குட்டி போடுகிறது என்று திருக்கையும் இல்லை. நம் ஆட்கள் என்ன செய்தார்கள்? "சுறாச் சாமியார்" என்று பட்டம் வைத்தார்கள். சுறாவுக்காக ரயில் ஏறி டோர்ட்மண்டுக்குப் போனார்கள்.

அதே ஆட்கள்தான் நேற்றிலிருந்து "மாமனிதர்", "ஈடு செய்ய முடியாத இழப்பு" என்று எழுதுகிறார்கள். வாசிக்க வாசிக்க எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

ஜெர்மன்காரரையும் அவர் விட்டவர் இல்லை. சந்தையில் புகையில் வாட்டிய ஒரு மீன்துண்டு விற்பார்கள், பொன்னிறத்தில், நுனி சுருண்டு... பெயரைக் கேட்டால் சுறா என்று தெரியவே தெரியாது. ஒரு சின்னச் சுறாவின் வயிற்றுத் தசை அது. அந்தச் சுறா குட்டியை ஏறத்தாழ இரண்டு வருடம் சுமக்கிறது!

ஒருநாள் என் கண் முன்னால், வரிசையில் நின்றவர்களுக்கு அண்ணை தன் உடைந்த ஜெர்மனில் இதை விளக்கினார். வயிற்றைத் தடவிக் காட்டி, இரண்டு விரலைத் தூக்கி, "Zwei Jahre! Zwei Jahre!" கடைக்காரி முகம் சிவந்துபோனது. எனக்கு வெட்கத்தில் எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. ஆனால் ஒரு வயதான அம்மா கையில் இருந்த பொட்டலத்தைத் திருப்பி வைத்துவிட்டுப் போனார்.

"சூடை, சாளை கணக்கில்லாம முட்டை விடும் பிள்ளை, அள்ள அள்ள வரும். சுறா ஆளாகவே வருசக்கணக்கு. அதுக்குப் பிறகும் கொஞ்சக் குட்டிதான். எங்கட சனம் மாதிரி... குறைஞ்சாக் குறைஞ்சதுதான்." திரும்பி வரும்போது பஸ்சில் சொன்னார்.

சரி, இன்றைக்கு வருவோம். குரூப்பை நடத்தும் தம்பிக்குப் போன் எடுத்தேன். பண்பாகத்தான் தொடங்கினேன்.

"அக்கா, ஓடர் குடுத்தாச்சு. அது எப்பவோ செத்த மீன்தானே?"

இதே கேள்வியைக் கடையில் அண்ணையிடம் எத்தனை பேர் கேட்டிருப்பார்கள்! அவர் சொன்ன பதிலையே நானும் சொன்னேன். "நீ வாங்கினாத்தானே தம்பி, அவன் திரும்பவும் பிடிப்பான்?"

"சாவீட்டில ஏனக்கா இந்தப் பிரச்சினை... சனம் சுறாவைத்தான் எதிர்பார்க்கும்." போனை வைத்துவிட்டான்.

அண்ணையின் மனைவி மரியா அக்காவை இந்த நேரத்தில் கரைச்சல்படுத்தக் கூடாது என்று இருந்தேன். அவரே எனக்குப் போன் எடுத்தார்.

"மெனு பாத்தனான் பிள்ளை. மண்டபத்துக் குசினிப் பூட்டின்ர திறப்பு என்னட்டத்தான் கிடக்கு. சனிக்கிழமை விடியவே போறன். சுறா வந்தா வாசலோட திரும்பும்."

"அக்கா, அண்டைக்கு நீங்கள் எப்பிடி... அடக்கமெல்லே?"

"பூசை பத்து மணிக்குத்தானே. காரல் துப்புரவாக்க ஆள் காணாது. கத்தி கொண்டு வா."

குரூப்பில் இருப்பவர்களே, வாசித்துவிட்டீர்கள்தானே? கத்தி இருப்பவர்கள் வரலாம்.

நித்திரை கொள்ளுங்கோ அண்ணை. சனிக்கிழமை உங்களுக்குச் சொதிதான்.